‘வந்து’ வராத எழுத்து

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் பொறுப்பு, முறை வைத்து என் தலையில் வந்து விழுந்திருந்த ஆண்டில், குடியிருப்போரின் வாட்ஸ்அப் குழுவுக்கு நான் அனுப்பிய அறிவிப்பு இது:

“அனைவருக்கும் வணக்கம். உண்மையில் நமது குடியிருப்பின் நீர்த்தொட்டியைச் சுத்தம் செய்யும் பணி என்பது நாளை மேற்கொள்ளப்பட இருப்பதால், அதாவது காலை 10 மணி முதல் மதியம் 1 மணி வரை, தண்ணீர் விநியோகம் என்பது சற்றே தடைபடக்கூடும் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.”

அடுத்த நிமிடமே மூன்றாம் மாடியிலிருந்து பதில் வந்தது: “அப்ப நாளைக்குத் தண்ணி வருமா, வராதா சார்?”

நியாயமான கேள்வி. என் அறிவிப்பை நானே மறுபடி படித்தபோது, எண்களையும் சேர்த்து முப்பது சொற்கள் அதில் இருப்பதைக் கண்டேன். நான் சொல்ல வேண்டியிருந்ததோ இவ்வளவுதான்: “நாளை தொட்டி கழுவுகிறோம். காலை 10 முதல் 1 வரை தண்ணீர் வராது.” பத்துச் சொற்கள். முகமனுக்காகச் சொன்ன வணக்கத்தைக் கழித்துவிட்டாலும் பதினெட்டுச் சொற்கள், பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடித்தவர்களைப் போல, யாருக்காகவோ இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

அவற்றுள் முதல் குற்றவாளி ‘உண்மையில்’. ஏதேனும் பொய்யோ தவறான எண்ணமோ ஊரில் உலவும்போது அதை மறுப்பதற்கு வர வேண்டிய சொல் அது. தொட்டி கழுவுவதைப் பற்றி எங்கள் குடியிருப்பில் எந்த வதந்தியும் உலவவில்லை. மேடையேறியவர் ஒலிவாங்கியின் முன் நின்று தொண்டையைக் கனைத்துக்கொள்வாரே, அந்த வேலையைத்தான் அது அங்கே செய்தது. ‘சற்றே’ அதைவிட மோசம். மூன்று மணி நேரம் குழாயில் சொட்டுத் தண்ணீர் வராத நிலைமைக்குச் ‘சற்றே’ பொருந்தாது. ‘தடைபடக்கூடும்’ என்பதில் உள்ள ‘கூடும்’ அப்பட்டமான பொய். தொட்டியைக் காலி செய்த பிறகு தண்ணீர் வரக்கூடிய வாய்ப்பே இல்லை. ‘தண்ணீர் வராது’ என்று முகத்துக்கு நேரே சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லாததால், அந்த இரண்டு சொற்களைச் சுற்றிப் பஞ்சு பஞ்சாக அடைத்திருக்கிறேன். அடைத்த பஞ்சில் செய்தியே புதைந்துபோயிற்று.

அன்றிலிருந்து இத்தகைய நிரப்புச் சொற்களைக் கவனிக்கும் பழக்கம் எனக்குத் தொற்றிக்கொண்டது. பிறர் எழுதுவதில் கண்டுபிடிப்பது எளிது. நான் எழுதுவதில் கண்டுபிடிக்க ஒரு நாள் ஆறப்போட வேண்டியிருக்கிறது.

கவனிக்கத் தொடங்கியதும் எனக்கு முதலில் வியப்பளித்தது வேறொன்று. அதே செய்தியை மூன்றாம் மாடிக்காரரிடம் மின்தூக்கியில் வைத்துச் சொல்லியிருந்தால், “சார், நாளைக்கு வந்து, தொட்டி கழுவறாங்க. காலையில வந்து, ஒரு பத்து மணியிலேருந்து ஒரு மணி வரைக்கும் தண்ணி வராது” என்று சொல்லியிருப்பேன். அதிலும் தேவையில்லாத சொல் இருக்கிறது. ‘வந்து’ இரண்டு முறை வந்திருக்கிறது. ஆனால் அவருக்கு எந்தக் குழப்பமும் ஏற்பட்டிருக்காது.

தனிப்பொருள் இல்லாமல் ஒட்டிக்கொண்டு வரும் அசைகளில், ‘வந்து’ போல உழைப்பது பேச்சுத் தமிழில் வேறில்லை. “அவர் வந்து இன்னைக்கு வரல” என்று தயங்காமல் சொல்கிறோம். எழுத்தெண்ணிப் பொருள்கொண்டால் இது வடிகட்டிய முரண்பாடு. வந்தவர் எப்படி வராமல் இருப்பார்? ஆனால் தமிழ்க் காதுக்கு அந்த முதல் ‘வந்து’ கேட்பதே இல்லை. வருதல் என்ற வினையிலிருந்து பிறந்த எச்சம், தன் பொருளை எங்கோ உதிர்த்துவிட்டு, யாரைப் பற்றி அல்லது எப்போது என்பதைச் சொல்லி முடித்ததும் வந்து நிற்கும் கொக்கியாகிவிட்டது. “நான் வந்து”, “நேத்து வந்து”, “விஷயம் வந்து” என்று பேச்சுப்பொருளை நிறுத்திவிட்டு, அடுத்ததைச் சொல்வதற்குள் ஒரு மூச்சு விடுகிறோம். கேட்பவரும் அந்த மூச்சில் காதைத் தயார் செய்துகொள்கிறார். தமிழை வளர்ந்த பிறகு கற்றுக்கொள்பவர்கள் இந்த ‘வந்து’வை அகராதியில் தேடி அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு புழங்கும் ‘வந்து’வை நாம் எழுதுவதே இல்லை. எவ்வளவு நெருங்கிய நண்பருக்கு எவ்வளவு பேச்சுநடையில் தட்டச்சு செய்தாலும், “நான் வந்து நாளைக்கு வந்து ஊருக்குப் போறேன்” என்று எவரும் எழுதுவதில்லை. எழுதும்போது யோசிக்க நேரம் இருக்கிறது. எதிராளி காத்துக்கொண்டு நிற்கவில்லை. ஆகவே மூச்சு விடும் சொல்லுக்கு வேலை இல்லை. அப்படியானால் எழுத்தில் நிரப்புச் சொற்களே இருக்கக் கூடாது. இருக்கின்றன, பேச்சில் இருப்பதைவிட அதிகமாகவே இருக்கின்றன. ஆனால் அவை பேச்சிலிருந்து வந்தவை அல்ல. மேடையிலிருந்தும், செய்தித்தாளிலிருந்தும், அலுவலகக் கடிதத்திலிருந்தும் நம் கைபேசிக்குள் குடிபுகுந்தவை. நான் அனுப்பிய அறிவிப்பில் இருந்த நிரப்புச் சொற்கள் என் வீட்டில் நான் பேசும் சொற்கள் அல்ல. பேசும்போது வரும் அசை, ‘நான் யோசிக்கிறேன், பொறு’ என்று தயக்கத்தை வெளியே காட்டிவிடுகிறது. எழுதும்போது வரும் நிரப்புச் சொல் அந்தத் தயக்கத்துக்குச் சட்டை மாட்டி, பொத்தான் போட்டு, கனவானாக்கி அனுப்புகிறது.

இந்த வேறுபாட்டை நம் இலக்கணக்காரர்கள் வேறு விதத்தில் எப்போதோ பார்த்துவிட்டார்கள். தொல்காப்பியத்தின் இடையியல், இடைச்சொற்களை வகைப்படுத்தும்போது அசைநிலைக்கும், ஓசையை நிறைக்க வரும் இசைநிறைக்கும் தனித்தனி இடம் கொடுக்கிறது. பொருளற்ற சொல் என்று தள்ளிவிடாமல், ‘யா, கா, பிற, பிறக்கு, அரோ, போ, மாது’ என்று ஏழு அசைகளைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. அதற்கும் மேலே ஒரு படி போய், எதிரில் இருப்பவரிடம் பேசும்போது மட்டும் வரும் அசைகள் என்று ‘மியா, இக, மோ, மதி, இகும், சின்’ ஆகிய ஆறையும் பிரித்துவைக்கிறது. குறுந்தொகையில் தலைவன் ஒரு தும்பியைப் பார்த்து “காமம் செப்பாது கண்டது மொழிமோ” என்று கேட்கிறானே, அந்த ‘மோ’ இந்த ஆறில் ஒன்று. ‘மொழி’ என்பதிலேயே பொருள் முடிந்துவிட்டது. ‘மோ’ சேர்வதால் செய்தியில் ஒரு தூசும் கூடவில்லை. ஆனால் ‘மொழி’ கட்டளை. ‘மொழிமோ’ நயந்து கேட்பது. இன்று நாம் ‘சொல்லு’ என்பதற்கும் ‘சொல்லேன்’ என்பதற்கும் இடையில் உணரும் தூரம்தான் அது.

கம்பர் தம் அவையடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகத் தம்மைச் சொல்லிக்கொண்டு, “ஆசை பற்றி அறையலுற்றேன் மற்று இக் காசில் கொற்றத்து இராமன் கதைஅரோ” என்று முடிக்கிறார். அந்த ‘அரோ’வுக்குப் பொருள் கேட்டால் உரையாசிரியர் அசை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். ஆனால் அதை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பாட்டு வாசலில் தடுக்கி விழுகிறது. பொருளில்லாத சொல்லுக்கு வேலை இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவரிடம் இரண்டு பக்கமும் இருக்கின்றன. நூலின் தொடக்கத்தில், ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை அவர் பட்டியலிடும்போது மிகைபடக் கூறல், கூறியது கூறல், வெற்றெனத் தொடுத்தல், நின்று பயனின்மை என்று வரிசையாகக் குறித்துவைக்கிறார். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபோது இவை நான்கும் ஒன்றையே நான்கு விதமாகச் சொல்வதாகத் தோன்றி, அவரே கூறியது கூறியிருக்கிறார் என்று பின்வரிசையில் சிரித்திருக்கிறோம். அதே பவணந்தி, நூலின் பிற்பகுதியில் அசைமொழிகளுக்கு நூற்பா எழுதி, அதில் ‘போலும்’, ‘ஆம்’, ‘தான்’ ஆகியவற்றுக்கும் இடம் கொடுக்கிறார். அசையை ஏற்றுக்கொண்டவரே மிகையைக் குற்றம் என்கிறார். இரண்டும் வேறு வேறு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான்தான் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன்.

மிகைக்கு இன்றைய தமிழில் அரசன் ‘என்பது’. இலக்கணப்படி மிகத் தேவையான சொல். நானே மேலே சில இடங்களில் வேறு வழியில்லாமல் பயன்படுத்தியிருக்கிறேன். ஒரு தொடரை அப்படியே பெயராக்கி, வேறொரு தொடருக்குள் வைப்பதற்கு அது வேண்டும். ஆனால் ‘தண்ணீர்’ ஏற்கெனவே பெயர்ச்சொல். அதை ‘தண்ணீர் என்பது’ என்று எழுதும்போது, பெயருக்குப் பெயர்ப்பலகை மாட்டுகிறோம். “கல்வி என்பது முக்கியமானது”, “அன்பு என்பது வேண்டும்”, “மழை என்பது பெய்தது” என்று மேடைப் பேச்சாளர்கள் நமக்குப் பழக்கிவிட்டார்கள். மேடையில் அதற்கு ஒரு பயன் உண்டு: கூட்டம் கைதட்டி ஓய்வதற்கும், பேச்சாளர் அடுத்த வரியை நினைவுக்குக் கொண்டுவருவதற்கும் ‘என்பது’ அவகாசம் கொடுக்கிறது. மேடையின் ‘வந்து’ அது. கைதட்டுவதற்கு ஆள் இல்லாத வாட்ஸ்அப் குழுவில் அது எதற்கு?

அரசனுக்குப் பட்டத்து யானை ‘என்பது குறிப்பிடத்தக்கது’. செய்தியின் கடைசிப் பத்தியில், முன்கதையை நினைவூட்டும் வரிக்கு வால் தேவைப்பட்டபோது நாளிதழ்க்காரர்கள் கண்டுபிடித்த வால் இது என்று நினைக்கிறேன். இப்போது நாய் இல்லாமலே வால் ஆடுகிறது. எங்கள் குடும்பக் குழுவில் ஒரு மாமா, பேரன் நடக்கத் தொடங்கியதைத் தெரிவித்துவிட்டு, “அவனுக்குப் பதினோரு மாதமே ஆகிறது என்பது குறிப்பிடத்தக்கது” என்று முடித்தார். குறிப்பிட்டாகிவிட்டது, பிறகு அது குறிப்பிடத்தக்கது என்று எதற்குச் சான்றிதழ்? இதே குடும்பத்தைச் சேர்ந்தவை ‘என்றால் அது மிகையாகாது’, ‘என்றே சொல்ல வேண்டும்’, ‘என்பதை இத்தருணத்தில் தெரிவித்துக்கொள்கிறேன்’ ஆகியவை. கடைசியாகச் சொன்னது வாழ்த்துச் செய்திகளில் புகுந்து செய்யும் அட்டகாசம் தனி. ‘வாழ்த்துகள்’ என்று சொன்னால் வாழ்த்தியாயிற்று. ‘வாழ்த்துகளைத் தெரிவித்துக்கொள்கிறேன்’ என்பவர், வாழ்த்துவதை விட்டுவிட்டு, வாழ்த்தியதாக அறிக்கை விடுகிறார்.

எழுத்துக்கு விலை இருந்த காலத்தில் இந்த யானையைக் கட்டித் தீனி போட யாராலும் முடிந்திருக்காது. சாதாரணக் கைபேசிக் குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்துகள் 160 கொள்ளும். தமிழில் எழுதினால் ஒருங்குறி (யூனிகோடு) கணக்கில் 70தான். அந்தக் கணக்கில் ‘கு’ ஓர் எழுத்து அல்ல. ‘க’ ஒன்று, உகரக் குறி ஒன்று என்று இரண்டு. புள்ளியும் தனிக் கணக்கு. ‘என்பது’ ஆறு, இடைவெளி ஒன்று, ‘குறிப்பிடத்தக்கது’ பதினேழு, ஆக 24. எழுபதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், எதையும் சொல்லாமலே தீர்ந்துவிடும். குறுஞ்செய்திக்குக் காசு கொடுத்த நாட்களில் தமிழர்கள் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதப் பழகியதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

அதற்கும் முன்னால் தந்தி. சொல்லுக்கு இவ்வளவு என்று காசு வாங்கிய தந்தியில் ஒரு சொல் கூடினாலும் கை நடுங்கும். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் தந்தி வாசகத்தை முதலில் பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதிப் பார்த்து, இரண்டு பேர் கூடி வெட்டி, அதன் பிறகே படிவத்தில் ஏற்றுவார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. திருமணம், பண்டிகை போன்றவற்றுக்கு அனுப்பும் வாழ்த்துத் தந்திகளுக்காக, அஞ்சலகத்தில் ஆயத்த வாசகங்களை எண்ணிட்டு வைத்திருந்தார்கள். வாசகத்தை எழுத வேண்டாம். அதன் எண்ணைக் குறித்தால் போதும், முழு வாழ்த்தும் அந்தப் பக்கம் போய்ச் சேரும். யார் அனுப்பினாலும், யாருக்கு அனுப்பினாலும் ஒன்றாகவே இருக்கும் வாசகத்துக்கு ஓர் எண்ணே போதும் என்று அந்தத் துறைக்குத் தெரிந்திருந்தது. 2013 ஜூலையில் தந்தியையே நிறுத்திவிட்டார்கள். ‘என்பது குறிப்பிடத்தக்கது’ என்பதற்கும் ஓர் எண் ஒதுக்கிவிட்டால் என்ன என்று எனக்கு அவ்வப்போது தோன்றும்.

இப்போது எழுத்துக்குக் காசு இல்லை; போதாக்குறைக்கு விசைப்பலகையே எடுத்துக் கொடுக்கிறது. என் கைபேசியில் ‘என்பது’ என்று அடித்தால் போதும், அடுத்த சொல்லாகக் ‘குறிப்பிடத்தக்கது’ மேலே வந்து நிற்கிறது. என்னிடமிருந்து கற்றுக்கொண்டதா, ஊரிடமிருந்து கற்றுக்கொண்டதா என்று கேட்க வழியில்லை.

ஆங்கிலத்திலிருந்து வந்த அசைகளைப் பற்றிப் பலரும் கோபப்படுகிறார்கள். எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. ‘ஆக்சுவலா’ என்று எழுதுபவர், ஆங்கிலச் சொல்லின் வாலை நறுக்கிவிட்டுத் தமிழ் ‘ஆ’வை ஒட்டி, வினையடையை முறைப்படி நம் வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்டுதான் எழுதுகிறார். அது பேச்சிலும் இருக்கிறது, எழுத்திலும் இருக்கிறது, ஒளிவுமறைவு இல்லை. எனக்குச் சங்கடம் தருவது, அந்த ‘ஆக்சுவலா’வுக்கு வெட்கப்பட்டு, அதே இடத்தில் ‘உண்மையில்’ என்று எழுதிவிட்டுத் தூய தமிழ் எழுதிவிட்டதாக நினைத்துக்கொள்வது. சட்டை மாறியது, உள்ளே அதே ஆள். ‘பேசிக்கலா’ என்பது ‘அடிப்படையில்’ ஆனதும், ‘ஜஸ்ட்’ என்பது ‘வெறுமனே’ ஆனதும் இதே கதை.

இன்னும் சில சொற்களை நானே அவசரப்பட்டுக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிப் பிறகு இறக்கிவிட்டிருக்கிறேன். ‘ஒரு’ அவற்றில் ஒன்று. “அது ஒரு நல்ல ஒரு படம்” என்பதில் இரண்டு ‘ஒரு’வும் வீண். ஆனால் “பத்துப் பேர் வந்தார்கள்” என்றால் எண்ணிப் பார்த்தவர் சொல்கிறார். “ஒரு பத்துப் பேர் வந்தார்கள்” என்றால் எட்டாகவும் இருக்கலாம், பன்னிரண்டாகவும் இருக்கலாம். அந்த ‘ஒரு’வை வெட்டினால் சொன்னவரைச் சாட்சிக் கூண்டில் நிறுத்துவதாகும். ‘கொஞ்சம்’ இன்னொன்று. “கொஞ்சம் கதவைத் திறங்க” என்று கேட்பவர் கதவைக் கால்வாசி திறக்கச் சொல்லவில்லை. “கொஞ்சம் பேனா குடுங்க” என்பவருக்கு அரைப் பேனா போதாது. கேட்கும் உதவி சிறியதுதான் என்று தணித்துச் சொல்வதற்கு வந்த ‘கொஞ்சம்’ அது. பிறகு ‘தான்’. பவணந்தியே அசைப் பட்டியலில் வைத்த சொல் என்றாலும், இன்று அது சொற்றொடரின் எடை எங்கே விழ வேண்டும் என்று காட்டும் விரல். “நான்தான் போனேன்” வேறு, “நான் போனேன்தான்” வேறு. ஒரு தொடர் ஒரு ‘தான்’ தாங்கும். “இதுதான் உண்மையாகத்தான் நடந்ததுதான்” என்று மூன்று விரல் நீட்டினால் எந்தப் பக்கம் பார்ப்பது?

மூன்று புள்ளிகளையும், செய்திக்குச் செய்தி ஒட்டும் ‘ஹா ஹா’வையும் பற்றி எழுதத் தொடங்கினால் இன்னொரு பதிவு ஆகிவிடும். என் தங்கை மரணச் செய்தியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ‘ஹா ஹா’ போடுவாள் என்று மட்டும் சொல்லி நகர்கிறேன்.

தொட்டி அறிவிப்புக்குப் பிறகு நான் வெட்டத் தொடங்கினேன். புதிதாகக் கத்தி வாங்கியவன் கண்ணில் படும் கிளையையெல்லாம் வெட்டுவதைப் போல வெட்டினேன். “நாளை வருகிறேன்.” “முடியாது.” “சரி.” ஒரு மாதம் கழித்து அலுவலக நண்பர் ஒருவர் தயங்கித் தயங்கி, “என் மேல ஏதாவது கோபமாங்க?” என்று கேட்டார். ஏன் என்றேன். என் பதில்களைத் திறந்து காட்டினார். நான்கைந்து நாட்களாக அவருக்கு நான் அனுப்பியிருந்தவை எல்லாம் நீதிமன்ற உத்தரவு போல இருந்தன. அதிலும் அந்த “சரி.” என்ற பதிலில் ‘சரி’யைவிட முற்றுப்புள்ளிதான் பெரிதாகத் தெரிந்தது. ‘சரி’, ‘சரிங்க’, ‘சரிப்பா’, ‘சரி சரி’ ஆகிய நான்கும் ஒரே செய்தியைச் சொல்கின்றன. ஆனால் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இடையில் உள்ள தூரம் நான்கிலும் வேறு. அந்த ‘ங்க’வையும் ‘ப்பா’வையும் மிகை என்று நினைத்து வெட்டியவன், தொல்காப்பியர் எதிரில் இருப்பவருக்கென்று தனியே எடுத்துவைத்த ஆறு அசைகளை மறந்தவன்.

என் அத்தையின் கதையில் இது இன்னும் நன்றாகத் தெரிந்தது. அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கும் அத்தைக்கு எண்பது வயது நிறைந்தபோது, அவர் சொன்ன பழைய கதைகளைத் தொகுத்து, குடும்பத்துக்குள் கொடுப்பதற்குச் சிறு புத்தகமாக அச்சிடலாம் என்று முடிவு செய்தோம். பதிவு செய்து எழுதும் வேலை எனக்கு வந்தது. நான்கு மாலைப்பொழுதுகள், முற்றத்தில் உட்கார்ந்து, கைபேசியில் பதிவு செய்தேன். அத்தையின் பேச்சில் பத்து சொல்லுக்கு ஒரு ‘பாத்துக்கோ’ வரும். “அன்னைக்குப் பாத்துக்கோ, மழைன்னா மழை, அப்படி ஒரு மழை. உங்க மாமா வந்து, பாத்துக்கோ, கொடையத் தூக்கிக்கிட்டு வயலுக்குக் கெளம்புதாரு.”

எழுதி முடித்து, வெட்டும் வெறி அடங்காத கையால் ‘வந்து’, ‘பாத்துக்கோ’ எல்லாவற்றையும் துப்புரவாக எடுத்துவிட்டு, அச்சுக்கு முன் அத்தையிடம் காட்டினேன். அத்தை நன்றாகப் படிப்பவர். வார இதழ்களின் தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்து வைத்திருந்த தலைமுறை. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு பக்கம் படித்தார்.

“ஏல, இது யாரு பேசுதா?” என்றார்.

“நீங்கதான் அத்தை. நீங்க சொன்னதைத்தான் எழுதியிருக்கேன்.”

“நான் சொன்னதுதான். ஆனா நான் பேசல. டீச்சரு யாரோ பாடம் நடத்துதா.”

சென்னைக்குத் திரும்பியதும் மறுபடி உட்கார்ந்தேன். நான்கு மாலைப் பதிவையும் முதலிலிருந்து கேட்பதற்குச் சோம்பல்பட்டு, அத்தையின் பேச்சு என் காதில் இருக்கிறது என்ற தைரியத்தில், தோன்றிய இடங்களில் எல்லாம் ‘பாத்துக்கோ’வைத் திரும்ப வைத்தேன். பத்திக்கு இரண்டு என்று கணக்காக விழுந்தன. அடுத்த முறை போனபோது கொடுத்தேன். இந்த முறை அத்தை சிரித்துக்கொண்டே படித்தார். ஓரிடத்தில் தம் குரலிலேயே வாய்விட்டும் படித்தார். பிறகு 1992 வெள்ளத்தைப் பற்றிய பக்கம் வந்தது. தாமிரபரணி ஏறி ஊருக்குள் புகுந்த அந்த இரவில், தொழுவத்தில் கட்டியிருந்த செவலைப் பசு போய்விட்டது. நான் எழுதியிருந்தது இது: “காலையில போயிப் பாத்தா, பாத்துக்கோ, கயிறுதான் கெடந்துச்சு.”

அத்தை பென்சிலைக் கேட்டு வாங்கினார். அந்த வரியில் இருந்த ‘பாத்துக்கோ’வின் மேல் ஒரு கோடு போட்டார்.

“இந்த எடத்துல நான் இதச் சொல்லிருக்க மாட்டேன்” என்றார்.

அன்று இரவு திண்ணையில் உட்கார்ந்து அந்தப் பதிவைத் தேடி எடுத்துக் கேட்டேன். “காலையில போயிப் பாத்தா” என்று அத்தையின் குரல் நிற்கிறது. பிறகு ஐந்தாறு நொடிகளுக்குக் கொல்லைப்புறத்துச் சில்வண்டுகளின் சத்தம் மட்டும் கேட்கிறது. அதன் பிறகு, “கயிறுதான் கெடந்துச்சு.”